அக்காவின் வலியை யாரும் நம்பவில்லை

அன்புள்ள அக்கா,

நான் வாய் மூடி இருந்தது போதும். உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று சித்தப்பா என் தோளைப் பிடித்து, "எதுவும் பேசாதடா, பொண்ணு ஒண்ணு இருக்கு" என்றார். உன் மகள் மீனாவுக்காகப் பேசாமல் இருந்தேன். காரியம் முடிந்தது, திவசங்கள் வந்து போயின. என் மௌனத்தால் யாருக்கும் புத்தி வரவில்லை. எனக்குத்தான் இரத்தக்கொதிப்பு வந்தது.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன் காதில் விழுகிறதோ இல்லையோ, ஊர் காதில் விழட்டும்.

கல்லூரி முடித்த வருஷம் உனக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நம் குரும்பகரம் வீட்டில் கூடிய சொந்தங்களில் ஒருவர்கூட டாக்டர் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஏழரைச் சனி என்றார்கள். திருநள்ளாறு பக்கத்தில்தானே, சனிக்கிழமைதோறும் உன்னைக் குளத்தில் முக்கி எடுத்தார்கள். கோயிலை நான் குறை சொல்லவில்லை. அங்கே போன கையோடு மருத்துவமனைக்கும் போகக்கூடாது என்று எந்தச் சாமி சொன்னது? ஈரத் துணியோடு நடுங்கியபடி நீ சொன்னாய்: "சனி போயிட்டாருடா, குளிருதான் போவ மாட்டேங்குது." எல்லாரும் சிரித்தார்கள். இப்படிப் பேசுகிறவளுக்கு என்ன வியாதி இருக்கும் என்று அதையே சாட்சியாக்கிக்கொண்டார்கள்.

பாண்டிச்சேரிக்கு உன்னை நான்தான் அழைத்துப்போனேன். மனச்சிதைவு என்றார் டாக்டர். அந்தப் பெயரின் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. உன்னில் எதுவும் சிதையவில்லை. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் நீ பழையபடி கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாய். குரல் முழுவதும் போய்விட்டதா என்று கேட்டேன். "எப்பவாவது வரும். வந்தா பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவேன். அதுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு தெரியாதுடா, ஓடிப்போயிடும்" என்றாய்.

நீ தேறியதைப் பார்த்ததும் அடுத்த வைத்தியத்துக்கு இறங்கினார்கள். "ஒரு புள்ளயப் பெத்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்றவர் சித்தப்பாதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்தார்கள். உன் மாமியார் மாத்திரையைக் கண்டுபிடித்து, இது தூக்க மாத்திரை, பழகினால் விடாது என்று சாக்கடையில் கொட்டினாள். அவளும் டாக்டரைக் கேட்கவில்லை. மீனா பிறந்த கொஞ்ச நாளில் வியாதி முழு பலத்தோடு திரும்பியது. உன் புருஷன் உன்னை அடித்தான். அடித்தவன் அவன். ஆனால் அந்த வீட்டில் அரிவாள்மனையை ஒளித்துவைத்தது உனக்குப் பயந்து. இந்த வியாதிக்காரர்கள் ஊரை வெட்டுவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு, அவர்கள் வாங்கும் அடி மட்டும் ஏன் கண்ணில் படுவதே இல்லை?

கைக்குழந்தையோடு உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். நீ மறுபடி மாத்திரை சாப்பிட்டாய், மறுபடி தேறினாய், காரைக்காலில் நம் வாடகை வீட்டில் கணக்கு டியூஷன் ஆரம்பித்தாய். மாடி வீட்டுப் பையன் ஒரு நாள், "அக்கா, உங்களுக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்களாமே, சினிமாவுல வர்ற மாதிரி?" என்று கேட்டான். "இருந்தா ஒருத்தியப் பாத்திரம் தேய்க்க வுட்டுருப்பனே தம்பி" என்றாய்.

அதையும் கெடுத்தார்கள். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து, "அது மாத்திரையில ஓடுற வண்டி" என்று சித்தி பேசியிருக்கிறாள். சர்க்கரை மாத்திரையில் ஓடும் சித்தி. அடுத்த வாரம் ஒரு அம்மா வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், எங்க வீட்டுக்காரரு பயப்படுறாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். பாதியில் நின்ற கணக்கைப் பலகையிலிருந்து துடைத்தாய்.

கடைசி நாட்களுக்கு வருகிறேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாய். ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அந்த டாக்டர் கேட்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெயரைச் சொன்னதும், உன் வயிற்றில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"பதட்டம்தான். வலி மனசுல இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நீ எழுந்து உட்கார்ந்தாய். "டாக்டர், இல்லாத சத்தம் எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது இருக்குற வலிங்க."

அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்பவும் இப்புடித்தான் பேசுவாங்களா?"

நான் கத்தினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். "குடும்பமே இப்புடித்தான் போலருக்கு" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. வேறு மருத்துவமனையில் மறுநாள் உன் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து உள்ளே முழுக்கச் சீழ். நீ கண் விழிக்கவில்லை.

உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு "அவளுக்கு விடுதல" என்றார்கள். "ஒனக்குந்தான்" என்று என்னிடமே சொன்னார்கள். வாசலில் வேறு பேச்சு: மாத்திரையை மொத்தமாக விழுங்கிவிட்டாளாம். குடல்வால் என்று நான் சொன்னதை யாரும் நம்பத் தயாராக இல்லை. உனக்கு வந்த வியாதி ஒன்றுதான் என்பது அவர்கள் கணக்கு. வேறு வியாதியில் சாகும் உரிமையைக்கூட உனக்குத் தரவில்லை. கடைசியில் சித்தப்பா எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முடிவு செய்தார். நெஞ்சுவலி.

இப்போது மீனாவின் சேதி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். உன் மூக்கு, உன் கையெழுத்து. பூவத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன் போலத்தான் தெரிகிறான். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "பொண்ணோட அம்மா எதுல தவறுனாங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா, "நெஞ்சுவலிங்க, சட்டுனு போயிட்டா" என்றார். எத்தனை வருஷப் பழக்கம்.

"யாரோ வேற மாதிரி சொன்னாங்களேன்னு கேட்டேன்."

"ஆவாதவங்க ஆயிரம் சொல்லுவாங்க. காப்பி ஆறுது, குடிங்க."

மீனா உன் மகள். அவளுக்குப் பொய் ஒட்டவில்லை. அந்தப் பையனுக்குப் போன் செய்து, வியாதியையும் மாத்திரையையும் நீ செத்த விதத்தையும் முழுவதுமாகச் சொல்லிவிட்டாள். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்று இல்லை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லியிருக்கிறாள். அவன் யோசித்துவிட்டுச் சொன்னானாம்: "எனக்கு ஒண்ணும் இல்லங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம். அவங்க ஒத்துக்க மாட்டாங்க." தை மாதம் கல்யாணம்.

இந்தக் கடிதத்தை உன் பெயர், என் பெயர், சித்தப்பா பெயர் எல்லாம் போட்டுத்தான் முதலில் எழுதினேன். மீனாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து அழுதாள். பிறகு சொன்னாள்:

"அனுப்புங்க மாமா. பேரு வேணாம்."

"நீயுமா? உங்கம்மா என்ன திருடுனாளா, மறைக்கறதுக்கு?"

"கல்யாணம் நின்னா நிக்கட்டும்னு நீங்க சொல்லிடுவீங்க. எனக்கு அவரப் புடிச்சிருக்கு மாமா."

மனிதர்களைப் பிடிக்காமல் போய் எனக்கு வெகு காலமாகிறது. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் என்ன செய்வது? உன்னைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்? "போடா, அவ நல்லா இருக்கட்டும்" என்றுதான் சொல்லியிருப்பாய். அந்த வீட்டில் அவள் ஒரு நாள் தூங்காமல் கண் சிவந்து நின்றால் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

நான் யாரையும் மன்னிக்கவில்லை அக்கா. அந்த டாக்டரையும் இல்லை, சித்தப்பாவையும் இல்லை. உனக்கு ஒரே ஒரு வாக்கு தருகிறேன். வலிக்கிறது என்று யார் வந்து சொன்னாலும், அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும், முதலில் நம்புவேன். மீனா சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

பெயர்களை எல்லாம் அடித்துவிட்டேன். மீனா என்பதும் அவள் பெயர் இல்லை; அவள் வேலையையும் வரன் வந்த ஊரையும் மாற்றிவிட்டேன். எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடுதாசி எழுதுவது கல்யாணத்தைக் கெடுக்க. நான் ஒரு கல்யாணம் கெடாமல் இருக்க ஒன்றை எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றிய உண்மை இந்த ஊரில் அப்படித்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது. நாளை காலை கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்த்துவிடுவேன்.

உன் தம்பி