குனியும் உயரம்

10.6.2024, திங்கள்

விடுப்பு முடிந்து ஆபீஸ் போனேன். விக்கிரமங்கலத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் முன் சீட்டைக் காட்டினார். இவருக்கும் தெரிந்திருக்கிறது. அரியலூரில் இறங்கி நடந்தேன். என் மேசையை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்து மேசை மலர்க்கொடி அக்கா மட்டும் கிட்டே வந்து, "ஒடம்பு தேறிடுச்சா பானு?" என்றார். தேறிவிட்டது என்றேன். 

பிப்ரவரியில் எட்டாம் மாதத்தில் குழந்தை போனது. அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தும் பிழைக்கவில்லை. கொடி சுற்றிக்கொண்டது, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். நானும்தான்.

11.6.2024

மதியம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. டப்பா காலியாக இருந்தது.

16.6.2024, ஞாயிறு

சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டரம்மா போன வாரமே சொல்லிவிட்டார். இன்றுதான் ரோடு சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கினேன். தூசி இல்லை, சங்கிலியில் எண்ணெய் கூடப் போட்டிருந்தது. ஆனால் ஏறி உட்கார்ந்ததும் இது என் வண்டியா என்று சந்தேகம் வந்தது. ஹேண்டில்பார் கழுத்துக்கு வருகிறது.

அதன் தண்டில் ஐந்து அலுமினிய வளையங்கள் உண்டு. ஹேண்டில்பாருக்குக் கீழே வளையம் கூடினால் உயரும். கீழே இருப்பதைக் கழற்றி மேலே மாட்டினால் இறங்கும். நான் எப்போதும் இரண்டு கீழே, மூன்று மேலே வைத்து ஓட்டுவேன். இப்போது ஐந்தும் கீழே இருந்தன.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நாந்தான் மாத்துனேன். ஒனக்கு வசதியா இருக்கட்டும்னு," என்றார். சிமெண்டு ஆலையில் ஃபிட்டர்; வீட்டில் ஸ்பேனருக்குப் பஞ்சமில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

பூவரசனை நான் முதலில் பார்த்ததே சைக்கிளால்தான். பெரம்பலூர் மைதானத்தில் போட்டி. ட்ராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கால் பெடலோடு மாட்டியிருக்கும், நின்ற இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதனால் பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். விசில் ஊதினால் விட வேண்டும், தள்ளக் கூடாது. என் சீட்டைப் பிடித்தவர் இவர். பெயரைக் கேட்டது பரிசு வாங்கிய பிறகு.

23.6.2024, ஞாயிறு

முந்திரிக்காடு வரை போய் வந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் முழு எடையும் சீட்டில் விழுகிறது. ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் அடிக்கிறது. எதிர்க்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளுகிறது. பால்கேன் ஒன்றுதான் குறைச்சல்.

வந்ததும் மூன்று வளையங்களை மேலே மாற்றினேன். பழைய உயரம். இறுக்கி முடித்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள வந்துட்டியே, அதுவே போதும்," என்றார். அத்தை இதுவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. சொல்லாததெல்லாம் முகத்தில் இருக்கும்.

30.6.2024, ஞாயிறு

வண்டியை எடுத்தால் ஐந்து வளையமும் கீழே.

 நானும் வளையம் கழற்றுகிற ஆலன் கீயை எடுத்து மூன்றை மேலே ஏற்றினேன். அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டிருக்கும்.

3.7.2024

மறுபடியும் ஐந்தும் கீழே. சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

7.7.2024, ஞாயிறு

இராமலிங்கம் மாமா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நானும் அத்தையும் ஒரு வரிசை, எதிர் வரிசையில் அவர். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. "வயித்த மடக்கி மடக்கிக் குனிஞ்சு ஓட்டுனா கொழந்த எங்கடி தங்கும்? சொன்னா யாரு கேக்குறா?"

நான் நான்காம் மாதத்தோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். டாக்டரைக் கேட்டுத்தான் அதுவரைக்கும் ஓட்டினேன். இதை எழுந்து நின்று சொல்ல முடியுமா? இலையைப் போட்டுவிட்டு?

அத்தை தண்ணீர் குடித்தார். நிமிர்ந்து எதிர் வரிசையைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, தலையைத் தூக்கவே இல்லை.

அப்போதுதான் வளையங்கள் எனக்குப் புரிந்தன. வசதிக்காக இல்லை. நான் குனியக் கூடாது, அவ்வளவுதான்.

9.7.2024

கேட்டுவிட்டேன். அவர் ஷிப்டு முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அப்படித்தான் நெனக்கிறீங்களா?"

எதை என்று கேட்கவில்லை. குழாயை மூடினார். பிறகு சொன்னார்: "நெனக்கல பானு. நெனக்காம இருக்கவும் முடியல."

பொய் சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு பொய். மனுசனுக்கு அது கூடவா வராது? ஊர் சொன்னால் ஊர். டாக்டர் சொன்னது இவர் காதிலும்தானே விழுந்தது? நான் என்ன செய்தேன்? என்னதான் செய்தேன்?

கோபம் வந்தது என்று எழுத ஆசை. இதோ எழுதி முடிப்பதற்குள் அதுவும் அடங்கிவிட்டது.

20.7.2024, சனி

குரும்பலூருக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆடி பிறந்துவிட்டதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆனவளை யார் ஆடிக்கு அழைக்கிறார்கள்? அம்மாவும் கேட்காமல் பணியாரம் சுட்டாள். அவர் பஸ் ஏற்றிவிட்டார். "எப்ப வருவ?" என்றார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

28.7.2024, ஞாயிறு

என் ட்ராக் சைக்கிள் இங்கேதான் இருக்கிறது. அம்மா அதன் மேல் பழைய போர்வை போட்டு, போர்வை மேல் வெங்காயச் சாக்கு போட்டு வைத்திருந்தாள்.

சுவரில் சாய்த்து ஏறினேன். அதன் ஹேண்டில்பார் சீட்டுக்கு ஒரு சாணுக்கு மேல் கீழே இருக்கும். அடிப்பிடியைப் பிடித்தால் முதுகு படுத்துவிடும், தொடை வயிற்றில் வந்து இடிக்கும். நான் இப்படித்தான் இருந்தேன். இப்படி இருந்துதான் மாநிலப் போட்டிக்குப் போனேன், அதை வைத்துத்தான் வேலை.

இன்று குனிந்தேன். தையல் இழுத்தது. தையலைச் சுற்றி விரல் அகலத்துக்குத் தொட்டாலும் உணர்வு இல்லை; ஆனால் உள்ளே எங்கேயோ இழுக்கிறது. உள்ளங்கை கொஞ்ச நேரத்தில் மரத்துவிட்டது. சுண்டு விரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

இறங்கிவிட்டேன். அந்த உடம்பு இனி இல்லை. அவர் ஏற்றி வைத்ததும் சரியில்லை, நான் இறக்கி வைத்ததும் சரியில்லை. பிறகு எதற்கு இத்தனை நாள் மாறி மாறித் திருகிக்கொண்டிருந்தோம்?

4.8.2024, ஞாயிறு

ஆர்த்தி வந்திருந்தாள். என்னோடு ஓட்டியவள், இப்போது திருச்சியில் போலீஸ். நான் சொன்னதையெல்லாம் பணியாரம் தின்றபடியே கேட்டாள். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிற ரகமில்லை, அதற்கு ஒரு கும்பிடு.

"ட்ராக் வண்டி நாலு ரவுண்டுக்குத்தான்டி. அதுல யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா? ரோட்டு வண்டில நாள் பூரா இருக்கணும். எவ்ளோ கீழ குனிஞ்சன்னு எவனும் மெடல் குடுக்கப் போறதில்ல. கை மரக்காம, இடுப்பு வலிக்காம எங்க நிக்குதோ அதான் ஒன் உசரம்."

அப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அவர ஒருதடவ கூப்டு பாரேன்."

கூப்பிடவில்லை.

18.8.2024

ஆடியும் முடிந்தது. அம்மா இப்போது என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். தினமும் பெரம்பலூர் போய், பஸ் மாறி, அரியலூர். பஸ்ஸில் தூங்குகிறேன்.

1.9.2024, ஞாயிறு

காலையில் ஒரு மினி லாரி வாசலில் நின்றது. அவர் இறங்கினார். பின்னால் என் ரோடு சைக்கிள், கயிறு கட்டி, கீழே வைக்கோல் போட்டு. அம்மா டீ போட உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து வளையங்களையும் எடுத்து என் கையில் கொட்டினார். "எங்க வெக்கணுமோ நீயே வெச்சுக்க," என்றார்.

"நீங்க திரும்ப மாத்துறதுக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல், சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொழந்தைய எறக்கி வெக்க நாந்தான் குனிஞ்சேன். பெரியப்பா குழியில எறங்குறேன்னாங்க, நாந்தான் வேணாம்னுட்டேன். அதுக்கப்புறம் நீ குனிஞ்சாலே எனக்கு அது வந்துடுது. ஒன் மேல தப்புன்னு இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான்… அத தூக்கித் தூக்கி வெச்சேன்."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எங்கே புதைத்தார்கள் என்பது கூட இதுவரை எனக்குத் தெரியாது. அவரும் ஏழு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். நானோ என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அன்னிக்கு, நெனக்காம இருக்க முடியலன்னது?"

"ஊர்ல சொல்றது காதுல விழத்தான் செய்யுது பானு. ராத்திரில வருது. காலையில போயிடுது. பொய் சொல்லச் சொல்றியா?"

சொல்லவில்லை.

மூன்றைக் கீழே வைத்தேன், இரண்டை மேலே. என் பழைய கணக்குமில்லை, அவர் கணக்குமில்லை. ஏறிப் பார்க்க வேண்டும். சுவர் தூரத்தில் இருந்தது. அவர் பின்னால் வந்து சீட்டைப் பிடித்தார், மைதானத்தில் பிடித்த மாதிரியே, இரண்டு கையாலும்.

நான் ஏறி, நிமிர்ந்தபடியே இருந்தேன். குனிந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியும் இப்போது.  பின்னாலிருந்து குரல் வந்தது.

"குனி பானு. புடிச்சிருக்கேன்."

குனிந்தேன். தையல் இழுக்கவில்லை. உள்ளங்கையில் எடை கொஞ்சம், சீட்டில் கொஞ்சம். முழங்கை தானாக மடங்கியது. வண்டி லேசாக ஆடியது, நான் ஆட்டவில்லை. அவர் பிடியை விடவில்லை.

ஹேண்டில்பாரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதலில் வியர்வை என்றுதான் நினைத்தேன்.

2.9.2024

கண் வீங்கிவிட்டது. ஆபீஸில் மலர்க்கொடி அக்கா டீ வாங்கி வைத்தார்.

8.9.2024, ஞாயிறு

விக்கிரமங்கலம் வந்துவிட்டேன். சாயங்காலம் அவர் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். முந்திரிக்கொல்லை ஓரம், ஒரு கல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மறுபடியும் போவேன் என்று மட்டும் தோன்றியது.

22.9.2024, ஞாயிறு

சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளம்புவதற்குள் முந்திரிக்காட்டுக்குப் பாதி தூரம் போய்த் திரும்பினேன். சுண்டு விரல் கொஞ்சம் மரத்தது. நின்று உதறினேன், சரியாகிவிட்டது. இடுப்பு வலிக்கவில்லை. வழியில் ஒருவர் மொபெட்டை மெதுவாக்கி, "இப்படி ஓட்டித்தான்…" என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூஜை. அவர் காலையிலேயே எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார். அவருடைய பைக், அத்தை தண்ணீர் இழுக்கிற மோட்டார், என் சைக்கிள். சைக்கிளுக்கு அதிக நேரம் எடுத்தது. ஆலன் கீ பக்கத்திலேயே கிடந்தது. நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போய்க் கேட்கவில்லை. பொரி அளந்துகொண்டிருந்த அத்தையும் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொரியை அளந்தார்.

பூஜை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வெளியே வந்தேன். ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பூவை விலக்கிப் பார்த்தேன்.

மூன்று கீழே, இரண்டு மேலே.