ஒரு கால் குறைந்த நண்டு

என் செல்லத் தம்பி ரவிக்கு,

குண்டசாலையில் மூன்று நாளாக விடாத மழை. அம்மா நன்றாக இருக்கிறாள். ஆபரேஷன் செய்த கண்ணால் இப்போது என்னைவிட வேகமாக ஊசியில் நூல் கோர்க்கிறாள், அதைச் சொல்லிக்காட்டவும் செய்கிறாள். உன் மூன்றாவது திதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட வேண்டும்.

நான் உன் துறைமுகத்துக்குப் போய்வந்தேன். நம்புவாயா? பேராதனைக்குப் போகும் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவள் ஜப்பான் வரை போய்வந்தேன். உன்னோடு ஒரே அறையில் இருந்த மடவளை நிஸ்தார்தான் கடிதம் எழுதி விசாவுக்கு வழி செய்தான். அம்மாவிடம், நீ வேலை செய்த இடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். கண் ஆபரேஷனுக்காக அம்மா வார்டில் படுத்திருந்த அன்று நீ ஒரு படம் அனுப்பினாய். கையில் ஆவி பறக்கும் நண்டு, முகமெல்லாம் சிரிப்பு. சீசன் முடியாமல் லீவு தரமாட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் உனக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். "நீ அங்கயே இருந்து நண்டு தின்னு. இங்க அம்மா செத்தாலும் வராத. எங்களுக்கு அப்படி ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்கிறோம்."

பதினோரு செக்கன். கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்திலிருந்த மைக் அடையாளம் நீலமாக மாறியது. நீ கேட்டுவிட்டாய். பதில் வரவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், உறைந்த பனியில் உன் சைக்கிள் வழுக்கி லொறிக்கு அடியில் போய்விட்டது என்று நிஸ்தார் அழைத்துச் சொன்னான்.

அம்மாவுக்கு நான் பேசியது தெரியாது. "கடைசியா ஒங்கிட்ட என்னா சொன்னான்?" என்று இன்றுவரை கேட்கிறாள். "அம்மா சாப்பிட்டாங்களான்னு கேட்டாம்மா" என்று நானும் இன்றுவரை சொல்கிறேன். நீ கோபத்தோடு போனாயா, ரவி? அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

அங்கே ரயில் ஸ்டேஷனில் நிஸ்தார் நின்றான். என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு ஒரு நீல ஜாக்கெட்டை நீட்டினான். "ரவிட ஜாக்கெட்தான் அக்கா. போட்டுக்கோங்கோ, இந்தக் குளிரு ஒங்களுக்குத் தாங்காது." அதன் கை என் விரல்களைத் தாண்டித் தொங்கியது. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போனேன்.

நீ சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. ஈரச் சீமெந்துத் தரையில் நண்டுகளை மல்லாத்தி வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கால்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. முழு நண்டுக்கெல்லாம் காலில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டை, எந்தத் துறைமுகத்து நண்டு என்று சொல்வதற்கு. கால் ஒடிந்தவை அட்டை இல்லாமல் ஓரத்துக் கூடையில் கிடந்தன. "அதுதான் அக்கா எங்களுக்கு. ஒரு கால் போனா வெலதான் கொறையும், ருசி கொறையாது" என்று உன் குரல் கேட்டது. நினைவுக்கு வந்தது என்று சொல்லவில்லை, கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் பனிதான் விழுந்துகொண்டிருந்தது.

நண்டு அவிக்கும் கொட்டகைக்குள் நான் நுழைந்ததும் வேலை நின்றுவிட்டது. ஆவிக்குள் நின்ற ஆறு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். நீ யோஷிகோம்மா என்று கூப்பிடுவாயே, உன் முதலாளி அம்மா, அவள் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் தரையில் விழுந்தது. பிறகு கிட்டே வந்து ஜாக்கெட்டின் சிப்பை என் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். காலையில் உனக்கும் அப்படித்தான் செய்வாளாம்.

நான் நிஸ்தாரிடம் நேராகவே கேட்டேன். "நான் அனுப்பினத அவன் கேட்டப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இங்கதான் அக்கா, சாப்பாட்டு டைம். போன் மேசையில ஈந்திச்சி. அமத்தினதும் சத்தமா வந்திட்டு, எல்லாருக்கும் கேட்டிச்சி. எனக்கு மட்டுந்தானே வெளங்கும். நான் தலைய குனிஞ்சிட்டேன்."

யார் பேசுவது, என்ன சொல்கிறாள் என்று யோஷிகோம்மா கேட்டிருக்கிறாள். என் அக்கா, அவளுக்கும் ஒரு நண்டு வேண்டுமாம் என்று நீ சொன்னாயாம்.

"சொல்லும்போது சிரிச்சானா?"

"இல்ல அக்கா. அழவும் இல்ல. கைய நல்லாத் தொடச்சிட்டு, இன்னொருக்கா காதுல வெச்சிக் கேட்டாரு. பொறகு வேலைக்குப் போயிட்டாரு."

யோஷிகோம்மா உள்ளே போய்ப் பெரிய பிரீசரின் அடியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். அன்று பின்னேரமே கூடையிலிருந்து ஒரு நண்டை உனக்குத் தந்தாளாம். நீயே அவித்து, ஆறவைத்து, ஊருக்குப் போகும்போது கொண்டுபோக என்று கட்டி வைத்தாயாம். மேலே படிந்திருந்த ஐஸை அவள் விரலால் தேய்த்தாள். கறுப்பு மையில், உன் கோணல் எழுத்தில், 'அக்கா' என்று இருந்தது. அவளுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. யாருக்கு என்று மட்டும் தெரியும். அதனால் மூன்று குளிர்காலமாக அதை எறியாமல் வைத்திருக்கிறாள்.

அப்படித் திட்டியவளுக்கு ஏன் நண்டு எடுத்து வைத்தாய்? மன்னித்தாயா, இல்லை, இந்தா நீயும் தின்னு என்று கோபத்தில் கட்டி வைத்தாயா? பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கால் குறைவு. வேறொன்றும் தெரியவில்லை.

அது சாப்பிடும் பதத்தில் இல்லை. அலையைத் தடுக்கக் கட்டிய சுவரின் நுனி வரை மூவரும் நடந்து, நண்டைக் கடலில் விட்டோம். யோஷிகோம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள், நிஸ்தார் துஆ ஓதினான். எனக்கு ஒரு தேவாரம்கூட வாயில் வரவில்லை. வெறும் பையை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கொட்டகையிலேயே எனக்கு நண்டு அவித்துக் கொடுத்தார்கள். அன்று காலை வந்த நண்டு, உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். நான் அம்மா அரைத்துத் தந்த கறித்தூளை ஒரு பைக்கட் கொண்டு போயிருந்தேன். நிஸ்தார் அதைப் பார்த்து, "இதையுமா கொண்டு வந்தீங்க" என்றான். அந்தப் பைக்கட்டைப் பிரிக்கவே இல்லை. கத்தரிக்கோலால் காலை நீளவாக்கில் வெட்டினால் சதை முழுசாக வழுக்கிக்கொண்டு வருகிறது. கரும்பு போல ஓர் இனிப்பு. ஓட்டுக்குள் இருப்பதை யோஷிகோம்மா சூடான சோற்றில் போட்டுப் பிசைந்து தந்தாள். நீ சொன்ன மாதிரியே நண்டு சாப்பிடும்போது யாரும் பேசவில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும்தான்.

ருசியாக இருந்தது, ரவி. அதை உன்னிடம் மறைக்க முடியாது. எதை வைத்து உன்னைத் திட்டினேனோ அதையே, கண்ணீர் வடிய வடிய, இரண்டாவது நண்டும் எடுத்துச் சாப்பிட்டேன். நாங்கள் எட்டுப் பேர், மேசையில் ஒன்பது கிண்ணம் இருந்தது. யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

திதிக்கு மறுநாள் அம்மா உனக்குக் கவிச்சிப் படையல் போடுகிறாள். கண்டி மார்க்கட்டில் திருகோணமலை நண்டு வாங்கி, ஒன்றை முழுசாக இலையின் நடுவில் வைப்பாள். விளக்கேற்றி, நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். முதல் வருடம் அம்மா முதலில் வெளியே போனாள். எனக்கு அந்த முழு நண்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. நீ தின்றதெல்லாம் கால் குறைந்தவைதானே, இது வேறு யாருக்கோ வைத்தது என்று திரும்பிப் போய்விடுவாயோ? சட்டென்று ஒரு காலை ஒடித்தேன். ஒளிக்க இடமில்லை, வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். உனக்கு வைத்த படையலில் முதலில் வாய் வைத்தவள் நான்தான்.

கதவைத் திறந்ததும் அம்மா இலையைத்தான் பார்த்தாள். "வந்திருக்கான் புள்ள. ஒரு கால் தின்னுட்டுப் போயிருக்கான் பாரு" என்று சொல்லி அழுதாள். உன்னைப் புதைத்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவள், அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் எப்படிச் சொல்வேன்? போன வருடமும் ஒடித்தேன். இந்த வருடம் பக்கத்து வீட்டு அக்காவிடம்கூட, "எம்மவன் வருவான், கதவச் சாத்தினா போதும்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இரண்டு பொய்யின் நடுவில் ஒரு தாயை உட்கார வைத்திருக்கிறேன். அந்த ஊரில் உன் ஜாக்கெட்டைப் பார்த்து நிமிர்ந்த முகங்களை நினைத்தால், நானும் அம்மாவுக்கு அதையேதான் செய்கிறேன் என்று படுகிறது. சட்டையைக் காட்டி, நீ வந்துவிட்டாய் என்கிறேன்.

அந்தப் பை அலுமாரியில், உன் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. படையலுக்கு முன் அம்மாவை உட்கார வைத்து, முதலில் என் குரலைப் போட்டுக் காட்டுவேன், பதினோரு செக்கனும். பிறகு பையைக் கையில் கொடுப்பேன். அதில் உள்ள எழுத்தை அவள் கண்ணாடி இல்லாமலே வாசிப்பாள். பிறகு அந்தக் காலைப் பற்றிச் சொல்வேன். அவள் ஏசினால் ஏசட்டும், என்னோடு பேசாமல் விட்டால் விடட்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இந்த முறை அம்மாவுக்கு முன்னால் நான் வெளியே வந்துவிடுவேன். இலையில் நண்டு எல்லாக் காலோடும் இருக்கும். உனக்குக் கோபம் இல்லை என்றால், உன் கையாலேயே ஒன்றை ஒடித்துக்கொள்.

சாத்திய கதவுக்கு வெளியே நிற்கப்போகும்,
உன் அக்கா சாந்தி