மஞ்சள் முடிச்சும் ஏரி பார்த்த அறையும்

பெர்மாஸ் ஜெயா,
அக்டோபர் 5.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். பெர்த்தில் நீயும் ஷர்மினியும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ போனை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நான் அனுப்பும் செய்திகளில் நீலக்குறி விழுகிறது, பதில்தான் வருவதில்லை. சரி, கடிதம் என்றால் பிரித்தாவது பார்ப்பாய் என்று பேனாவை எடுத்தேன். முழுவதும் படி. பாதியில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயணத்தை நான் ரத்து செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். தீபாவளி முடிந்து நவம்பர் பதினேழாம் தேதி நானும் என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த கத்தரினும் புறப்படுகிறோம். ஜெய்ப்பூரில் இரண்டு இரவு, ஜோத்பூரில் இரண்டு இரவு, உதய்ப்பூரில் மூன்று இரவு. மூன்று ஊரிலும் ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனைகளில்தான் தங்குகிறோம். அவை எல்லாம் இப்போது ஓட்டல்.

மணியம் சித்தப்பா உன்னிடம் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஜொகூர் பாருவில் ஒரு பயண ஏஜெண்டிடம் போனோம். இந்தியா என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், அந்தப் பெண் காசி, கயா, ராமேஸ்வரம் போட்ட தாளை என் முன்னால் வைத்துவிட்டாள். கத்தரின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்து அவளுக்கு வேளாங்கண்ணித் தாள். அரண்மனை பார்க்க வேண்டும் என்றோம். பார்க்கலாம் ஆன்ட்டி, போகிற வழியில் ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் பஸ் நிற்கும் என்றாள். அரை மணி நேரம்! நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். மூன்று தடவை போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. உதய்ப்பூரில் சுவரைப் பார்த்த அறை விலை குறைவு என்றாள். சுவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஏரி பார்த்த அறைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் செய்தி தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும். ஒருவர் இந்தியா போகிறார் என்றால் நேர்ந்துகொண்டவர்கள் எல்லாம் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள், உண்டியலில் போடச் சொல்லி. முதலில் பின் வரிசைக் காளியம்மா வந்தார். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் கூச்சத்தில் வாங்கி வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. ஒரே வாரத்தில் சாமி மேடையில் ஏழு முடிச்சு சேர்ந்துவிட்டது. பழனிக்கு நாலு, திருச்செந்தூருக்கு இரண்டு, சமயபுரத்துக்கு ஒன்று.

நான் போகிற பக்கம் அந்தச் சாமிகள் யாரும் இல்லை. வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காளியம்மா மட்டும் வாங்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அரண்மனையில் சாப்பாடு எப்படி என்று வந்து சொல் என்றார்.

எட்டாவதாக முடிச்சோடு வந்தவர் உன் சித்தப்பா, பத்து பகாட் ஊரிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு. காசியில் தன் அண்ணனுக்கு, உன் அப்பாவுக்கு, பிண்டம் வைக்க வேண்டும் என்று பட்டியலும் எழுதி வந்திருந்தார். காசிக்குப் போகவில்லை, சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். போட்டுக் கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். கார் கிளம்பவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே உட்கார்ந்து உன்னோடுதான் பேசியிருக்கிறார்.

அன்று நீ போனில் கேட்டது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "அரண்மனையில உங்களுக்கு என்னம்மா வேலை? பழனிக்குப் போங்க, காசிக்குப் போங்க, நான் வேணாம்னா சொன்னேன்? ஊரு சிரிக்கிற மாதிரி பண்ணாதீங்க. போறதுன்னா இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க."

அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் போகிறேன்.

இருபத்தாறு வருடம் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனேன். முதலில் நான் வைத்திருந்தது சிங்கப்பூருக்கு மட்டும் செல்லும் பாஸ்போர்ட். பக்கமெல்லாம் முத்திரை, போன நாடு ஒன்றே ஒன்று. ஒரு வருடம் கம்பெனி காலண்டரில் ஏரி நடுவே ஒரு வெள்ளை அரண்மனை வந்தது. கத்தரின் அதை வெட்டித் தன் லாக்கர் கதவில் ஒட்டினாள். வேலை முடிந்து ஒருநாள் நாம் அங்கே போய்க் கால் நீட்டி உட்காருவோம் என்று சொல்லிக்கொள்வோம். பிறகு அவள் வீட்டுக்காரர் தவறினார். இங்கே உன் அப்பா படுக்கையில் விழுந்து ஆறு வருடம் கிடந்தார். அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்ட கை இது. சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் என் அம்மா துரை பங்களாவின் ஹாலைத் துடைக்கக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் நுழைவாள். நான் முன்வாசல் வழியாகப் போவேன். பெட்டியை வேறு யாராவது தூக்கட்டும். மெத்தையை வேறு யாராவது விரிக்கட்டும். இதைக் கேட்டு ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்பாவுக்குச் செய்ய வேண்டியதில் நான் குறை வைக்கவில்லை. ஜூலையில் தலைத்திவசம் முறையாக முடிந்தது, நீயும்தான் வந்திருந்தாய். அவர் இருந்திருந்தால் சந்தோஷமாக அனுப்பியிருப்பார் என்று பொய் சொல்ல மாட்டேன். போகக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். அப்போதும் போயிருப்பேன், சண்டை போட்டுவிட்டு.

என் இனிப்பு நீர் வியாதியைப் பற்றி நீ கவலைப்படுவது எனக்குத் தெரியும். கிளினிக்கில் டாக்டரிடம் கடிதம் வாங்கிவிட்டேன், மாத்திரை இரண்டு பையில் தனித்தனியாக இருக்கிறது. கத்தரினின் மகள் ஷர்மைன்தான் எங்களுக்கு விசா போட்டாள், நடப்பதற்குக் காலணியும் வாங்கித் தந்தாள். ஒட்டகத்தில் ஏறுவதாகக் கத்தரின் சொல்கிறாள். நான் கீழே நின்று படம் எடுப்பேன்.

கடைசியாக ஒரு விஷயம். ஊராருக்கு ஏழு, சித்தப்பாவுக்கு அவர் கொண்டுவந்தது, எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் சாமி மேடையில் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது. அது நான் முடிந்தது. உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தாய். என் சேலைத் தலைப்பைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, கையில் இருந்த ஒரு ரிங்கிட் காசை முடிந்து, பிள்ளை பிழைத்தால் பழனியில் அவன் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பத்துமலை முருகன் போதாதா என்று அப்பா கேட்டார். எனக்குப் போதவில்லை. பத்தாம் நாள் நீ குடிக்க மைலோ கேட்டாய்.

பிறகு லீவு கிடைக்கவில்லை, உனக்குப் பரீட்சை, அப்பாவுக்கு லாரி ஓட்டம், உனக்கு ஆஸ்திரேலியா. முப்பத்திரண்டு வருடம் போய்விட்டது. கெரிஸ் கத்தி பொறித்த அந்தக் காசு இப்போது கடையில்கூடச் செல்லாது. பழனிக்குப் போங்க என்று நீ சொன்னபோது எனக்கு வலித்தது அதனால்தான். நான் மட்டும் போய் என்ன செய்ய? முடி உன் தலையில் அல்லவா இருக்கிறது.

அந்த முடிச்சை இந்த உறையில் வைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தபால் நிலையத் தாளில் எழுதச் சொன்னார்கள். பழைய காசு என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

இருபத்தைந்தாம் தேதி சென்னைக்கு வந்துவிடுவோம். சர்ச் பெண்களின் நச்சரிப்பு தாங்காமல் கத்தரின் மட்டும் வேளாங்கண்ணிக்குப் போகிறாள். இருபத்தொன்பதாம் தேதி வரை நான் சென்னையில் தனியாகத்தான் இருப்பேன். அங்கிருந்து பழனிக்கு ஒரு ராத்திரி ரயில்தான். ஷர்மினி போன மாதம் அனுப்பிய படத்தில் உன் நெற்றி பாதித் தலைக்கு ஏறியிருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் முருகனுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. நீ வராவிட்டாலும் ஏரி பார்த்த அறையில் நான் நன்றாகத்தான் தூங்குவேன். வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். முடிச்சை அவிழ்க்காதே, அப்படியே கையில் கொண்டு வா.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா யோகேஸ்வரி