எட்டுத் துறைமுகங்களில் எஞ்சின் விலை

12.2.2007 திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை மலை உச்சி தெரியவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து டவுன் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கடையில் இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு காதணி விழா டைப் அடித்தேன். காதணியில் தாய்மாமன் பெயரையே விட்டுவிட்டேன். முதலாளி பார்ப்பதற்குள் சேர்த்தாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு, சாந்தியின் ப்ரௌசிங் சென்டர். வெள்ளிக்கிழமை மட்டும்தான் போவேன். ஷார்ஜாவில் என் வீட்டுக்காரருக்கு வெள்ளிதான் லீவு.

"இன்னாக்கா, திங்கக்கெழம வந்துட்ட? அண்ணனுக்கு லீவா?"

"இல்ல. வெல பாக்க வந்தேன்."

"இன்னா வெல?"

"எஞ்சின் வெல."

ஒரு மாதிரி பார்த்தாள்.

பிறகு படித்தால் எனக்கே புரியாது, எழுதி வைக்கிறேன். அவர் அறையில் கூட இருக்கும் நெல்லைக்காரர் காட்டிக்கொடுத்த விளையாட்டு. விண்வெளியில் ஆளுக்கு ஒரு கப்பல். பாறை தோண்டி விற்றால் காசு, விளையாட்டுக் காசு. அதில் எஞ்சின், கவசம், சரக்கு அறை என்று கப்பலுக்கு ஒவ்வொன்றாக வாங்கலாம். போனில் பேசினால் அவர் கண் கடிகாரத்திலேயே இருக்கும். இதில் கப்பல் பக்கத்தில் கப்பலை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் டைப் செய்து பேசலாம். ஏசி மெக்கானிக்குக்கும் டி.டி.பி. ஆபரேட்டருக்கும் இது போதும்.

போன வெள்ளி சண்டை. முதல் துறைமுகத்தில் நாற்பதாயிரம் கொடுத்து இரண்டாம் எஞ்சின் வாங்கிவிட்டார். அதே எஞ்சின் ஆறாவதில் 31,000. "போனா போவுது கலா, விளையாட்டுக் காசுதான?" என்றார். காசுக்காக இல்லை. ஒரே எஞ்சினுக்கு எதற்கு இரண்டு விலை?

13.2 செவ்வாய்

மொத்தம் எட்டுத் துறைமுகம். மூன்றாம் எஞ்சின் விலை:
1 – 1,20,000
2 – 1,18,000
4 – 1,05,000
6 – 96,000
மற்றவற்றில் இல்லை.

ராஜகோபுரத்துக்கு எதிரே இளநீர் ஒரு விலை, எங்கள் ஊரில் ஒரு விலை. அது மாதிரிதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் துறைமுகத்தில்தான் இறங்குகிறார்கள். தாகத்தோடு.

மூன்றாம் எஞ்சின் இருந்தால்தான் எட்டாவது துறைமுகத்தைத் தாண்ட முடியும். அதற்கு அப்பால் வரைபடத்தில் ஒன்றும் போடவில்லை. வெறும் கறுப்பு. என்னதான் இருக்கும்?

அத்தைக்கு முட்டி வலி. தைலம் வாங்க வேண்டும்.

15.2 வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

நாலாவது துறைமுகத்தில் பழைய கப்பல் விற்கும் பலகை. அடிபட்டது, ஓட்டை விழுந்தது, எல்லாம் இருக்கிறது. ஒரு கப்பல் 70,000. உள்ளே மூன்றாம் எஞ்சின், அப்படியே. கப்பல் ஓட்டையாம், அதனால் விலை கம்மி. எஞ்சினில் ஓட்டை இல்லையே! வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை 12,000க்குத் தள்ளிவிட்டால் எஞ்சின் ஐம்பத்தெட்டாயிரம்தான். முதல் துறைமுக விலையில் பாதிக்கும் கீழே.

இதை ஏன் யாரும் செய்யவில்லை? செய்கிறார்களோ என்னவோ, சொல்ல மாட்டார்கள்.

அவரிடம் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை. இரண்டு எஞ்சினுக்குச் சேர்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தினமும் மதியம் வருவதென்று முடிவு. சாந்தி மணிக்கு இருபது வாங்குகிறாள், பதினைந்து என்று பேசியாயிற்று.

16.2 வெள்ளி

பேசினோம். வெயில் ஆரம்பித்துவிட்டதாம். அத்தை முட்டி பற்றிக் கேட்டார். ரகசியத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சிரிப்பாக வந்தது. சாந்தி, "இன்னாக்கா தானா சிரிக்கிற?"

20.2 செவ்வாய்

பவர் கட், பதினொன்று முதல் பன்னிரண்டு. பத்திரிகை ஒன்று சேவ் செய்யாமல் போயிற்று.

மதியம் 1.20க்கு முதல் துறைமுகத்தின் விற்பனைப் பலகையைப் பார்த்தேன். யார் என்ன விற்றார்கள், எத்தனை நிமிடம் முன்பு என்று வரிசையாக வரும். பார்க்க மட்டும் என்றால் உள்ளே நுழைய வேண்டியதில்லை. நான் வந்திருப்பது யாருக்கும் தெரியாது.

அதில் அவர் பெயர். அண்ணாமலை77. இரும்புப் பாறை, ஆறு நிமிடம் முன்பு.

ஷார்ஜாவில் அப்போது மணி 11.50. செவ்வாய்க்கிழமை. ஏதாவது மொட்டை மாடியில் ஸ்பேனரோடு இருக்க வேண்டிய நேரம்.

1. நெல்லைக்காரர் அவர் பெயரில் ஆடுகிறார்.
2. அவருக்கு உடம்பு சரியில்லை, லீவு.
3. ஆள் இல்லாமல் கப்பல் தானாகவே தோண்டி விற்கும் வசதி ஏதோ இருக்கிறது.
4.

21.2 புதன்

இன்றும். பன்னிரண்டு நிமிடம் முன்பு. அதற்கு முன் நாற்பது. அதற்கு முன் ஒரு மணி ஐந்து. கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது, காலை ஒன்பது வரை. சாப்பிடக்கூட எழுந்த மாதிரி தெரியவில்லை.

மூன்றாவதைச் சோதித்தேன். என் கப்பலைப் பாறை முன் நிறுத்திவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தேன். ஒரு கல் கூட ஏறவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மவுஸை அழுத்தினால்தான் தோண்டுகிறது. ஆக, ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நெல்லைக்காரர் பலசரக்குக் கடையில் வேலை. பகலில் அறையில் இருக்க மாட்டார்.

பட்டியலில் முதலாவதையும் மூன்றாவதையும் அடித்துவிட வேண்டியதுதான்.

23.2 வெள்ளி

நேராகக் கேட்கவில்லை. ஓரமாகத்தான் கேட்டேன்.

"வேல எப்படிப் போவுதுங்க?"

"ஜாஸ்தி கலா. இந்த வாரம் ஃபுல்லா மொட்ட மாடிதான்."

"எந்த எடத்துல?"

பதில் வரக் கொஞ்ச நேரம். "ஒரு ஆஸ்பத்திரி."

இந்த வாரத்தில் அவர் விற்றது இருபத்தேழு தடவை. இதுவும் என் நோட்டில் விலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. விலை எழுதும் கை அதையும் எழுதிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை.

26.2 திங்கள்

1.05க்கு உள்ளே நுழைந்தேன். ஒளியாமல். முதல் துறைமுகத்துக்கு வெளியே பாறைக் கூட்டம். நூறு கப்பலாவது இருக்கும். அவருடையது மூக்கில் சிவப்புப் பட்டை போட்டது, உடனே தெரிந்தது. தோண்டிக்கொண்டிருந்தது. மெல்ல பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

"ஏங்க."

தோண்டுவது நின்றது. பாறைப் பொடி மட்டும் சுற்றிலும் மிதந்தது. போய்விடுவாரோ என்று பயம். போகவில்லை.

"இன்னைக்கு என்ன, திங்கக்கெழம?" என்று வந்தது.

"அத நான்தான் கேக்கணும்."

பிறகு சொன்னார். கம்பெனியை மூடிவிட்டார்களாம். பொங்கலுக்கு அடுத்த வாரமே. அன்றிலிருந்து அறையில்தான். காலையில் இரண்டு மூன்று இடம் வேலை கேட்டு போன் செய்வார், பிறகு கம்ப்யூட்டர்.

"ஏன் சொல்லல?"

"வேற எடம் கெடச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு வாரம்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் சொல்லவே வாய் வரல."

"அதுக்குக் கல்லு தோண்டுவாங்களா?"

"உனக்கு மூணாம் எஞ்சின் வாங்கித் தரலாம்னுதான். அந்தக் கறுப்புக்குள்ள என்னா இருக்குதுன்னு கேட்டுக்கினே இருந்த இல்ல? வாங்கிட்டேன். போன சனிக்கெழம."

"எங்க வாங்கினீங்க?"

"முதல் துறைமுகத்துல."

ஒரு லட்சத்து இருபதாயிரம். இருபத்தேழு தடவை விற்று. ஐம்பத்தெட்டுக்குக் கிடைக்கிறது என்று என் நோட்டில் பத்து நாளாக எழுதியிருக்கிறது. அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணினியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். சாந்தி காசு கேட்கவில்லை.

27.2 செவ்வாய்

கோபம். வேலை போனதற்கு இல்லை. ஆஸ்பத்திரி என்று சொன்னாரே, அதற்கு. யோசித்து ஒரு ஆஸ்பத்திரி கட்டினார் பாருங்கள்.

நான் மட்டும் என்ன? நானும்தான் ஒளிந்து பார்த்தேன். கப்பல் ரகசியம் ஒன்று என்னிடமும்.

மாடிக்குப் போகவில்லை. புளி சாதம், பாதி மிச்சம்.

இரவு சாப்பாட்டில் அத்தையிடம் சொல்லிவிட்டேன். மூடி வைக்கத் தெரியவில்லை.

"ஒடம்பு நல்லா இருக்குதா அவனுக்கு?"

"இருக்குது அத்த."

"அப்ப இன்னாத்துக்கு நீ மூஞ்சிய இப்படி வெச்சுக்கினு கீற? வர சொல்லு. அங்க ரூமுல குந்தறதுக்கு இங்க குந்தட்டும்."

1.3 வியாழன்

வரச் சொல்லலாம் என்று போனேன். அவர் இல்லை.

விளையாட்டில் என் சேமிப்பு அறையில் புதிதாகச் சாமான். மூன்றாம் எஞ்சின். அவர் கப்பலின் கவசம். சரக்கு அறை இரண்டு. தோண்டும் கருவி. விளக்கு கூட. அனுப்பியவர் அண்ணாமலை77. ஒரு வார்த்தை எழுதவில்லை.

பழைய கப்பல் பலகையில் போய்ப் பார்த்தேன். மூக்கில் சிவப்புப் பட்டை போட்ட கூடு, விற்பனைக்கு, 9,000. உள்ளே ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் எங்கே போவார்? அவர் செல்லுக்கு மூன்று முறை போட்டேன், சுவிட்ச் ஆஃப்.

2.3 வெள்ளி

ஒரு மணி. வரவில்லை. இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். முதலாளி ஆள் அனுப்பினார்.

3.3 சனி, பௌர்ணமி

ஊரே ஜனம். மதியத்திலிருந்து கிரிவலக் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. பஸ் உள்ளே விடவில்லை, கடைக்கு லீவு. அத்தை வாசலில் மேசை போட்டு மோர். நான் டம்ளர் கழுவுகிறேன், போனைப் பாவாடை நாடாவில் சொருகிக்கொண்டு. இவ்வளவு கூட்டத்தில் சிக்னல் வருவதே இல்லை.

நாலரைக்கு அடித்தது. கொல்லைப்புறம் ஓடினேன். பாதி வார்த்தைதான் கேட்கிறது.

"கலா... செவ்வாக்கெழம டிக்கெட்டு..."

"எங்க இருந்தீங்க மூணு நாளா?"

"பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கிட்ட இருந்துச்சு. வாங்கறதுக்கு அலஞ்சேன். போனுல சார்ஜு இல்ல."

"கப்பல ஏன் வித்தீங்க?"

"ஊருக்கு வந்துட்டா ரெண்டு கப்பலுக்கு ரெண்டு கம்ப்யூட்டரு வேணும். சாந்தி ரெண்டு பேருக்கும் காசு வாங்குவா இல்ல? ஒன்னு போதும்னுதான் கழட்டி அனுப்பிட்டேன்."

"ஒரு வார்த்த எழுதக் கூடாதா?"

"இன்னா எழுதறதுன்னு தெரியல."

சத்தம் போட்டுத் திட்டினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒன்பது முறை டம்ளர் கழுவினேன், கழுவினதையே.

5.3 திங்கள்

எஞ்சினைப் பொருத்தினேன். எட்டாவது துறைமுகத்தைத் தாண்டினேன். இருபது நிமிடம் வெறும் கறுப்பு. சாந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இரண்டு சூரியன். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு.

"இங்க இன்னாக்கா விக்கிறாங்க?"

"ஒன்னும் விக்கல."

"தோண்டறதுக்கு?"

"ஒன்னும் இல்ல."

துறைமுகம் இல்லை, பாறை இல்லை, பலகை இல்லை. யாரோ ஒருவர் இதை வரைந்து இங்கே வைத்திருக்கிறார். எதற்கு? ஒரு மணி முடியும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7.3 புதன்

சென்னை பஸ் காலை ஆறரைக்கு. இளைத்திருக்கிறார். தாடி. அத்தை தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆறு தோசை. தூக்கம், மாலை வரை.

எழுந்ததும், "ஆஸ்பத்திரின்னு சொன்னது தப்புதான்" என்றார்.

"தப்புதான்" என்றேன்.

இரண்டு சூரியனைப் பற்றிச் சொன்னேன்.

12.3 திங்கள்

வெயில். முகூர்த்தம் ஜாஸ்தி, இன்று ஐந்து பத்திரிகை. அவர் மதியம் கடைக்கு வந்தார். காலையிலிருந்து வேங்கிக்காலில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு இடத்தில் ஆறு ஏசி, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று. ஷார்ஜா மாதிரி வராது. அவரே சொன்னார், நான் கேட்காமல்.

படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி நாலு வருஷம், ஏசி எப்படிக் குளிர வைக்கிறது என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன்.

"அது குளிர வெக்கலயே. ரூம்ல கீற சூட்ட எடுத்து வெளிய தள்ளுது, அவ்ளோதான்."

"எது எடுக்குது?"

"உள்ள ஒரு கேஸ் ஓடுது."

"அந்தக் கேஸுக்கு சூடு எப்படித் தெரியும்?"

சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக இந்த வேலை, இப்படி யாரும் கேட்டதில்லையாம். ஏசியைத் திறந்து வைத்துத்தான் காட்ட முடியும் என்றார். முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லியாயிற்று. நாளை பத்து மணி, லாட்ஜ் மொட்டை மாடி. பழைய புடவையாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏணி ஏறத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.