கிளாசில் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகள்

அன்பானவளே,

வீடு உறங்கிய பிறகு, இந்த நேரத்தில் எழுதுகிறேன்; கோபிக்காதே. பகலில் எழுத மாமி விடமாட்டார்.

விளக்கருகே ஒரு கிளாஸ் நீர். பாசி மணக்கிறது. அடியில் விரல்நகம் அளவு நத்தை. நேற்று வாங்கிய வல்லாரைக் கட்டின் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி அந்த இலையைப் பச்சையாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டு, என் சின்னவள் கேட்டுக் கேட்டுத் தின்று முடித்த பிறகுதான் கண்டேன்.

கொலிஜ் ஆய்வுகூட ஜன்னலில் நீ இப்படித்தான் நத்தைகளை வெயிலில் வைப்பாய். வெயில் பட்டதும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே நீந்தும். "ஓடி வாடி, ஊர்வலம் வெளிக்கிட்டிட்டுது!" என்று கத்துவாய். கொஞ்ச நேரத்தில் அவை வாலை உதறிவிட்டுக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். வயலிலே என்றால் இலையில் ஒட்டும். அதைத் தின்கிற மாட்டின் ஈரலுக்குப் போகும் என்றாய். நான் முகம் சுளித்தால், "எல்லாம் மனிசரிட்டை வாறேல்லையடி. வாத்துக்கு வாறது வேறை, மாட்டுக்கு வாறது வேறை" என்று சிரிப்பாய்.

இன்று காலை இந்தக் கிளாசையும் வெயிலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் உள்சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளி.

மாமியிடம் காட்டினேன். "உதென்ன, உப்புப் படிஞ்சிருக்கு. நானும் பச்சை வல்லாரை திண்டுதான் வளந்தனான். நீர் படிச்சதெல்லாம் நத்தையோ பிள்ளை?" என்றார். இவரோ, "காய்ச்சல் வந்தால் டாக்குத்தரிட்டைப் போவம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். இந்தப் புழு உடனே காய்ச்சல் காட்டாதே. கிழமைக் கணக்கில் பதுங்கியிருக்குமே! அதையும் நீதானே சொன்னாய்.

பிள்ளையின் வயிற்றை இதோடு எத்தனை தரம் தடவிப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் தூங்குகிறாள்.

நாளை டாக்டரிடம் கிளாசையும் கொண்டுபோவேன், சிரித்தால் சிரிக்கட்டும். இனி இந்த வீட்டில் வல்லாரை கொதிநீர் காணாமல் சாப்பாட்டுக் கோப்பைக்கு வராது. மாமியோடு அந்தச் சண்டைக்கும் தயார். எதையும் வெயிலில் வைத்துப் பார்க்கிற உன் குணம் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. பார்த்ததை இன்னதென்று சொல்லும் உன் கண்தான் இல்லை. போன மாரியில் வந்த காய்ச்சல் உன்னோடு அதையும் கொண்டுபோய்விட்டது.

இந்தப் புள்ளிகள் வாத்துக்கா, மாட்டுக்கா, என் பிள்ளைக்குமா? ஒரு வரி போதும். கெதியாய்ப் பதில் போடு.