எண்ணெய் கேட்காத எஞ்சின்

அண்ணாச்சி,

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, உங்கள் எண்ணெய்க் குடுவையைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் கருத்துக் கேட்கப்பட்டது. என் மனைவி நடுநிலை வகித்தாள். அதாவது, ஏணியைப் பிடிக்க வரவில்லை.

நீங்கள் காலமான பிறகு மதினி அந்த வெப்பக்காற்று எஞ்சினை என்னிடம் தந்தபோது, மில்லில் நாற்பது வருஷம் உங்கள் கையில் இருந்த அந்த நீளமூக்குக் குடுவையையும் சேர்த்தே தந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் தயங்கியது. என் கை தானாகக் குடுவைக்குப் போயிற்று. மூக்கைச் சாய்த்ததுமே மில் எண்ணெய் வாசனை வந்தது. உங்கள் சட்டையின் வாசனை. கையை இழுத்துக்கொண்டேன்.

பழைய இரும்புக் கடையில் அந்த எஞ்சினை எடைத்தட்டிலிருந்து நீங்கள் எடுத்தபோது, துருப்பிடித்த சக்கரமும் இரண்டு குழாயும்தான் தெரிந்தன. ஒரு முனையைச் சுட வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளும், மறுமுனையில் குளிர்ந்து சுருங்கும், சக்கரம் சுற்றும் என்று விளக்கினீர்கள். சூடும் குளிரும் வேண்டும் என்றால் நம் கோவில்பட்டி வெயில் பாதிதானே கொடுக்கும் என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

டீக்கடையில் விஷயம் பரவியது. மில்லில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, இது ஓடி என்ன செய்யும்?"

"ஓடும்லா" என்றீர்கள்.

அவர்கள் சிரித்த சிரிப்பில், அது ஓடுகிற வரைக்கும் இந்தப் பெஞ்சில் டீ குடிக்க மாட்டேன் என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள். உடன் எழுந்தவன் நான். மூன்று மாதம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், டீ என்று விற்கப்பட்ட ஒன்றை இருவரும் குடித்தோம்.

துருவை நீக்கினீர்கள். வளைந்த கம்பியை நிமிர்த்தினீர்கள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தோம். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் நாலு சுற்றுச் சுற்றி நின்றது. நின்றதும் எண்ணெய் விட்டீர்கள். மறுநாள் மூன்று சுற்று. இன்னும் கொஞ்சம் விட்டீர்கள். ஸ்பின்னிங் மில்லில் எது நின்றாலும் அதற்கு ஒரே மருந்து. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிறவன் உங்களிடம் என்ன சொல்ல முடியும்? எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு மத்தியானம். பிஸ்டனைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தீர்கள். குடுவை காலியாக இருந்ததால் அப்படியே சிலிண்டருக்குள் விட்டீர்கள். அது தன் கனத்திலேயே மெதுவாக இறங்கியது. எண்ணெய் வாங்கி வந்து ஒரு சொட்டுத் தடவி மறுபடி விட்டீர்கள். பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று தரம் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். அப்புறம் வெற்றிலைப் பையை எடுத்தீர்கள்.

"எண்ணெய்ப் பிசுக்குதான் வே கெடுக்குது. மூணு மாசமா நாந்தான் கெடுத்திருக்கேன்."

நாற்பது வருஷம் எண்ணெய் விட்டவர் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும். நீங்கள் எடுத்துக்கொண்டது ஒரு வெற்றிலை போடும் நேரம்.

மறுநாள் எஞ்சினை டீக்கடைப் பெஞ்சிலேயே வைத்தோம். குளிர்முனையில் ஈரத்துணி சுற்றி, காயக் காய நனைக்கும் பொறுப்பு எனக்கு. அந்தப் பதவியை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். விரலால் ஒரு தட்டு. சக்கரம் சுற்றியது, நிற்கவில்லை. முன்பு கேட்டவரே குனிந்து பார்த்து, "எங்க எண்ணெய் விட்டிய அண்ணாச்சி?" என்றார்.

"விடல" என்றீர்கள். "முதல்ல நாங்க ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிடுதோம்."

இன்றைக்கும் அச்சடித்த லேபிள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால், மிஷினைத் திட்டுவதற்கு முன், நான் எதை அதிகமாகப் போட்டேன் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் மைதான். பெரும்பாலும் நான்தான்.

அந்தத் திங்கட்கிழமையும் பிஸ்டனைக் கழற்றி, கழுவி, உலரத் துடைத்து உள்ளே போட்டேன். குளிர்முனைத் துணியை இரண்டு முறை நனைக்கும் வரை எஞ்சின் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஏணி எடுத்தேன்.

குடுவை பரணில் இருக்கிறது. எங்கள் வாசல் கேட் கிரீச்சிடுகிறது.