ஒரு எழுத்துகூட மாற்றாத ஆடி

திண்டிவனம் பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டிக்காரர் மணலில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வேர்க்கடலை வாசனையில் நின்று விழுப்புரம் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன், அக்கா. நம் நாடக விழாவின் ஒரே விமர்சகர் அவர்தான் என்பீர்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் தோல் உடையும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். "நல்ல சீன் ஓடிக்கினு இருந்தா எவனும் மல்லாட்டை உடைக்கமாட்டான்." சத்தம் கூடிய இடத்தை மறுநாள் ஒத்திகையில் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவீர்கள். மனப்பாடம் செய்த எங்களுக்குத்தான் பேஜார்.

ஒரே ஆள் எழுதிய நாடகங்களுக்கென்றே ஒரு விழா என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தொடங்கும்போது அப்படி ஒரு எண்ணமும் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் சும்மாதான் கிடக்கின்றன, திண்டிவனத்தில் சில நாள், விழுப்புரத்தில் சில நாள், தினம் ஒரு நாடகம் போடலாம் என்று கிளம்பினோம். பெரிய எழுத்தாளர்களிடமெல்லாம் நாடகம் கேட்டோம். ஒருவரும் தரவில்லை. "உடுங்கப்பா, டீச்சருக்கு எழுத வராதா, நானே எழுதித் தர்றேன்" என்றீர்கள். நடிக்கவும் நாங்கள் சில பேர்தான்; இன்று மாமியாராக வந்தவர் நாளை கலெக்டராக வருவார். அடுத்த ஆடிக்கும் நீங்களே எழுதினீர்கள். பிறகு வேறு யாரிடமும் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஆடியில் எல்லோரும் கூடி முடிவு செய்தோம்: அக்கா எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது. அவ்வளவு பக்தி! திண்டிவனத்தில், ஒவ்வோர் ஆடியிலும் நீங்கள் போடும் நாடகத்தை, தங்கை சொத்தில் பாகம் கேட்டு அண்ணன் வீட்டுக்கு வருவதை, போட்டோம். தங்கையாக ஒலக்கூர் செல்வி. அண்ணனுக்கு அவள் சொல்லும் அந்த நீண்ட பதிலை மந்திரம் மாதிரி ஒப்பித்தாள். மண்டபம் முழுக்க மல்லாட்டைச் சத்தம். பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துபோனார்கள். விழுப்புரத்திலும் இப்படியே ஆனால் விழா உங்களோடு முடிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேனில் செல்விதான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, அக்கா இருந்தா இந்த நீள பதில எப்பவோ அடிச்சிருப்பாங்க. நாமதான் கும்பிட்டுக்கினு கெடக்கிறோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அழுகை வந்தது. "சரி, அதுக்குப் பதிலா என்னா பேசுவ?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. மேடைல பாத்துக்கறேன்."

நான் சரி என்று சொல்வதற்குள் விழுப்புரம் வந்துவிட்டது.

அன்றைக்கு அதே நாடகத்தில் அண்ணன் கத்தி முடித்ததும் செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பசிக்குதுண்ணா. மொதல்ல சோத்தப் போடு. பாகத்த அப்புறம் பேசிக்கலாம்." அண்ணனாக நடித்தவர் வசனம் இல்லாமல் திருதிருவென்று விழித்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "போடுய்யா!" மண்டபமே சிரித்தது. பிறகு கப்சிப். நாடகம் முடியும்வரை ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை.

வருடம் தவறாமல் வரும் முகையூர் அம்மா ஒருவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "வருசா வருசம் இந்த எடத்த மாத்திக்கினே இருக்காங்களே, அந்த டீச்சரம்மா! இந்த வாட்டிதான் நல்லா வந்துருக்கு. எங்க அவங்க, காணோம்?"

நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப இத மாத்தினது யாருங்க?"

"நாங்கதான்மா."

"நிறுத்திடாதீங்க. அடுத்த ஆடிக்கும் வர்றேன்."

அந்த ஆடி வரப்போகிறது, அக்கா. உங்களை நினைக்காமல் ஒரு ஒத்திகையும் முடிவதில்லை. வசனங்களை அடிக்கும் உங்கள் பென்சிலை நான்தான் வைத்திருக்கிறேன். நேற்று உங்களுக்கு ரொம்பப் பிடித்த நாடகத்தின் முதல் காட்சியை முழுசாக அடித்துவிட்டேன்.